லால்பாக்கின் முகத்தில் வெயில், பிருந்தாவனின் முதுகில்: ரயில் படங்களை எப்படி ஒப்பிடுவது?

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஓடும் லால்பாக், பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்களின் படங்களை நிறையப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். லால்பாக் படங்களில் எஞ்சின் பளிச்சென்று இருக்கும். பிருந்தாவன் படங்களில் முகம் கறுத்துப் போயிருக்கும். எடுத்தவரின் கைத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லால்பாக் காலையில் பெங்களூருவிலிருந்து கிளம்பிக் கிழக்கே வருகிறது. பிற்பகலில் சென்னையிலிருந்து மேற்கே போகிறது. வரும்போதும் போகும்போதும் சூரியனைப் பார்த்துத்தான் ஓட்டம். பிருந்தாவனுக்கு எல்லாம் தலைகீழ். காலையில் மேற்கே போகிறது, மாலையில் கிழக்கே திரும்புகிறது. இரண்டு வேளையும் வெயில் அதன் முதுகில்தான் விழும். இந்த இரண்டு ரயில்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது சூப்பர், அது சுமார்" என்று சொன்னால், நாம் விமர்சிப்பது படத்தை இல்லை, கால அட்டவணையை.

ரயில் ரசிகர்கள் படங்களை ஒப்பிடும்போது நடக்கும் தவறுகளில் பாதி இந்த வகைதான். மீதிப் பாதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்த விதிகளை அவற்றின் காரணம் தெரியாமல் இங்கே கொண்டுவந்து பொருத்துவது. வெயில் முகத்தில் விழ வேண்டும், எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் தெரியும்படி முக்கால் கோணத்தில் எடுக்க வேண்டும், எதுவும் குறுக்கே வரக்கூடாது என்பவை அந்த விதிகள். மூன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணங்கள் காட்பாடிக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் அப்படியே செல்லாது.

முதலில் வெயில். அமெரிக்க ரயில் படக்காரர்கள் பல பத்தாண்டுகள் கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தார்கள். அதன் வேகம், அதாவது ஒளியுணர்வு, ஐஎஸ்ஓ 25 அல்லது 64. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 25-க்கு எஃப்/4 துளையில் ஷட்டர் வேகம் 1/400 நொடிதான் கிடைக்கும். மேகம் மூடினால் அது 1/50-க்கு இறங்கிவிடும், ஓடும் ரயில் கலங்கிவிடும். அதனால் வெயில் அவர்களுக்குக் கட்டாயம். "முகத்தில் வெயில் இல்லையா, படம் தேறாது" என்ற தீர்ப்பு அங்கிருந்து வந்தது. இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 800 வைத்தால், வானம் முழுக்க மேகம் மூடியிருக்கும் நாளிலும் எஃப்/4-இல் 1/1000-ஐத் தாண்டலாம். ஆக, மழைக்கால மந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை "லைட் இல்லை" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதற்கு இப்போது காரணமே கிடையாது. உண்மையில் சக்கரம், சக்கரங்களைத் தாங்கும் போகி, அடிச்சட்டம் எல்லாம் விவரமாகத் தெரிவது மேகமூட்டத்தில்தான். உச்சி வெயிலில் கூரைதான் மின்னும். கீழே எல்லாம் ஒரே கறுப்பு.

அடுத்து சூரியனின் உயரம். சிகாகோவில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் 25 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அங்கே குளிர்காலம் முழுக்க, நாள் முழுக்க, படமெடுக்கத் தோதான சாய்ந்த வெயில். சென்னையில் மார்ச் மாதக் காலை 8 மணிக்கே அந்த 25 டிகிரி வந்துவிடும், 9 மணி சுமாருக்கு 40-ஐத் தாண்டிவிடும். 40 டிகிரிக்கு மேல் போனால் எஞ்சினின் முகப்புக் கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் நிழல் கண்ணாடி மேலேயே விழும். பெட்டிகளின் பக்கவாட்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். அதாவது நமக்குக் காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம். படத்தை விமர்சிக்கும் முன் அது எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். 9:45-க்கு எடுத்த படத்தில் நிழல் சரியில்லை என்றால் இடத்தை மாற்றியும் பயனில்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்றை நம்மூர் ஆட்களே பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகள் பெரும்பாலும் "தண்டவாளத்தின் தெற்குப் பக்கம் நில்" என்று சொல்லும். அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் மாதத்தில் உதிப்பதே கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளித்தான். காட்பாடி அரக்கோணம் பாதை கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்காகப் போகிறது. அங்கே ஒரே இடத்தில், ஒரே லால்பாக்கை, ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் பாதையின் வடபுறமிருந்து, மாலை 5 மணி அளவில், சென்னையிலிருந்து வரும்போது எடுத்தவை.

ஜூன் படத்தில் எஞ்சினின் முகம், வடபுறப் பக்கவாட்டு இரண்டிலும் வெயில். பெட்டிகளின் ஜன்னல் வரிசை எண்ணும்படி தெரியும். மின்கம்பங்களின் நிழல் ரயிலைத் தாண்டி அந்தப் பக்கம், தென்கிழக்கே விழுந்திருக்கும். டிசம்பர் படத்தில் முகம் மட்டும் வெளிச்சம். பக்கவாட்டு முழுக்கக் கருநீலப் பட்டை. ரயிலின் நிழலே கேமராப் பக்கம் ஜல்லி மேல் படுத்திருக்கும். அதை எடுத்தவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாதையின் மறுபக்கம் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரிந்தால் அது விமர்சனம். "ஷேடோஸைத் தூக்கி எடிட் பண்ணுங்க ப்ரோ" என்றால் அது ஒட்டுப்போடும் வேலை.

முக்கால் கோணத்தின் கதையும் இதே மாதிரிதான். நேருக்கு நேர் வரும் ரயில் கேமராவின் சட்டத்தில் குறுக்கே நகர்வது குறைவு. பக்கவாட்டில் போகும் ரயில் முழு வேகத்தில் குறுக்கே நகரும். மெதுவான ஃபிலிமில் ஓட்டத்தை உறைய வைக்க, வரும் ரயிலைச் சாய்வாகப் பார்ப்பதே வழியாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 130 கி.மீ. என்பது நொடிக்கு 36 மீட்டர். 1/1000 நொடியில் ரயில் 3.6 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தின் அகலத்தில் 20 மீட்டர் அடங்கியிருக்கிறது, கேமரா 24 மெகாபிக்சல் என்றால் ஒரு பிக்சல் சுமார் 3.3 மி.மீ. பக்கவாட்டில் எடுத்தால் 11 பிக்சல் கலங்கல். தண்டவாளத்தோடு 20 டிகிரி கோணத்தில் எடுத்தால் 4 பிக்சல்கூட வராது. ஆகவே "1/1000 வைத்தும் ஏன் கலங்குகிறது" என்று கேட்பவரிடம் லென்ஸை மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் கோணத்தைக் கேளுங்கள்.

கலங்கலைப் பார்த்ததும் "ஃபோகஸ் அவுட்" என்று எழுதிவிடுவது நம்மிடம் உள்ள பெரிய சோம்பல். கலங்கல் பல வகை. ஒவ்வொன்றும் தன் தடயத்தை விட்டுப் போகும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி ஜல்லிக் கற்களைப் பாருங்கள். ஜல்லி கூர்மையாக இருந்து, எஞ்சின் எண் மட்டும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஜல்லி, கம்பம், ரயில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எஞ்சினுக்கு 30 மீட்டர் முன்னாலோ பின்னாலோ உள்ள ஜல்லி மட்டும் கூர்மையாக இருந்தால்தான் அது ஃபோகஸ் தவறு. பெரும்பாலும் முன்னால் நிற்கும் மின்கம்பத்தில் போய் மாட்டியிருக்கும். நான்காவது, நம்மூரில் அடிக்கடி வருவது, கானல். ஏப்ரலில் காலை 9 மணிக்கு மேல் சூடான ஜல்லியிலிருந்து எழும் காற்று, 200 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் அலையலையாக நெளிய வைத்துவிடும். தண்டவாளத்தின் விளிம்பு பாம்பு மாதிரி வளைந்திருந்தால், தொடர்ந்து எடுத்த படங்களில் அந்த நெளிவு படத்துக்குப் படம் மாறினால், அது கானல். ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் போகாது. கிட்டே வரும்வரை காத்திருந்து குட்டை லென்ஸில் எடுக்க வேண்டும், அல்லது விடிந்ததும் போக வேண்டும்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் பாதி எஞ்சின் மங்கலாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. 200 மி.மீ. லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து 60 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 15 மீட்டர். டபிள்யூஏபி-7 என்ற மின்சார எஞ்சின் தனியாகவே 20.5 மீட்டர் நீளம். எஃப்/8-க்குப் போனால் ஆழம் 50 மீட்டரை நெருங்கும். எஞ்சினும் முதல் பெட்டியும் அடங்கிவிடும். பின்னணியை மங்கலாக்கினால் அழகு என்பது கல்யாண ஃபோட்டோவிலிருந்து வந்த பழக்கம். ரயிலுக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

செல்ஃபோனிலும் சில கேமராக்களின் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரிலும் வேறொரு விசித்திரம். சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க 1/30 நொடி ஆகிறது என்றால், அதற்குள் 130-இல் போகும் ரயில் 1.2 மீட்டர் நகர்ந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் பெட்டிகள் எல்லாம் சாய்ந்த கட்டங்களாகத் தெரியும், கம்பங்கள் மட்டும் நேராக நிற்கும். இதைத் திருத்தும் மென்பொருளைத் தேடுவதைவிட மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவது மேல்; ஃபோன் என்றால் முன்பக்கக் கோணத்துக்கு மாறுவது மேல்.

சாய்வு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் வரும் ரயில் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், "படம் கோணலாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். அகலப் பாதை வளைவில் வெளித் தண்டவாளத்தை 165 மி.மீ. வரை உயர்த்தி வைக்கலாம். அந்த உயரத்தில் ரயில் 5 டிகிரிக்கு மேல் சாயும். அது நிஜமான சாய்வு. நிமிர்த்த வேண்டியது ரயிலை அல்ல, ஸ்டேஷன் கட்டடத்தின் சுவரை, அது இல்லையென்றால் பின்னணியில் உள்ள கம்பங்களில் இரண்டு மூன்றை. ஒரே ஒரு கம்பத்தை நம்பக்கூடாது, அதுவே சாய்ந்திருக்கலாம்.

மூன்றாவது விதி, "எதுவும் குறுக்கே வரக்கூடாது". டீசல் எஞ்சின்கள் திறந்த வெளியில் ஓடும் அமெரிக்கச் சமவெளியில் அதைக் கடைப்பிடிக்கலாம். இங்கே 25 கிலோவோல்ட் கம்பியும் அதைத் தாங்கும் மாஸ்ட்டும் இல்லாத பெரிய பாதையே இப்போது அரிது. நேர்ப்பாதையில் இரண்டு மாஸ்ட்டுகளுக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 72 மீட்டர். இப்போதைய எல்எச்பி வகைப் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர் என்பதால், ஒவ்வொரு மூன்று பெட்டிக்கும் குறைந்தது ஒரு மாஸ்ட் இருந்தே தீரும். 24 பெட்டி ரயில் ஒன்று மாஸ்ட் இல்லாமல் முழுசாகக் கிடைப்பது நடக்காத காரியம். எனவே கேட்க வேண்டியது "மாஸ்ட் இருக்கிறதா" என்பதல்ல, "மாஸ்ட் எங்கே விழுந்திருக்கிறது" என்பதுதான். எஞ்சினின் முகத்தில், லோகோ பைலட்டின் கண்ணாடி மேல், எண் எழுதிய இடத்தில் விழுந்திருந்தால் குற்றம். இரண்டாவது பெட்டிக்குப் பிறகு வரிசையாகப் பின்வாங்கிப் போனால் அது படத்துக்குத் தாளம்.

இதைச் சரிசெய்வதற்குச் சுலபமான வழி உண்டு. பாதைக்கு வெளியே, ஒரு மாஸ்ட் உங்கள் தோளுக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். உங்கள் முன்னால் அடுத்த மாஸ்ட் 60, 70 மீட்டரில் நிற்கும். ரயில் வருவதற்கு முன்பே அந்த மாஸ்ட்டின் அடியில் உள்ள தண்டவாளத்தில் ஃபோகஸை வைத்துவிடலாம். எஞ்சின் முகம் அந்த மாஸ்ட்டைத் தாண்டி ஒரு எஞ்சின் நீளம் வெளியே வந்ததும் அழுத்த வேண்டும். 130 கி.மீ. வேகத்தில் அந்த நீளத்தைக் கடக்க 0.6 நொடிகூட ஆகாது. தொடர் ஷாட் வைத்திருந்தாலும் நொடிக்கு 5 படம் என்றால் தேறுவது இரண்டோ மூன்றோதான். "கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டீர்கள்" என்று எழுதும் முன் இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

மாஸ்ட்டுக்கு அடுத்தபடி பாண்டோகிராஃப், அதாவது எஞ்சினின் கூரையிலிருந்து எழுந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கை. எஞ்சினின் முகத்தை நெருக்கிக் கட்டம் போட்டு, உயர்ந்து நிற்கும் பாண்டோவின் தலையை வெட்டிவிட்ட படங்கள் ஏராளம். கம்பி தண்டவாளத்திலிருந்து ஐந்தரை மீட்டருக்கு மேலே இருக்கும். பொதுவாகப் பின்பக்கப் பாண்டோதான் தூக்கியிருக்கும் என்பதால், எஞ்சினின் முகத்தை மட்டும் பார்த்து அளவெடுத்தால் அது மேலே நழுவிவிடும். முதலில் பாண்டோவுக்கு மேல் ஒரு விரல்கடை வானம் விட்டு, பிறகு கீழே ஜல்லியை வைக்க வேண்டும். எடுத்த பிறகு வெட்டலாம். விட்டதை ஒட்ட முடியாது.

வெள்ளை வந்தே பாரத்தையும் டபிள்யூஏபி-7 எஞ்சினையும் ஒரே அளவுகோலில் பார்க்கக்கூடாது. வெயிலில் வெள்ளை உடல் எரிந்துபோய்ப் பெட்டிகளின் மூட்டுக்கோடுகள் காணாமல் போகும். கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்து எடுத்திருக்க வேண்டும். மாலை மங்கிய பிறகு எதிரே வரும் ஹெட்லைட் இதற்கு எதிர்த் தொல்லை. கேமரா அந்த வெளிச்சத்தை அளந்து ஏமாந்து, மீதியெல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முன்கூட்டியே ஜல்லியை அளந்து மேனுவலில் பூட்டியிருந்தால் தப்பும். பெட்டியில் ஓடும் எல்இடி பெயர்ப்பலகை பாதி எழுத்தாக விழுந்திருந்தால் ஷட்டர் அதிவேகமாக இருந்திருக்கிறது. நிற்கும் ரயிலென்றால் 1/100-க்கு இறங்கிப் பார்க்கலாம்.

சில பாதைகளில் விதியே தலைகீழாகிவிடும். நீலகிரி மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. "எஞ்சின் தப்பான முனையில் இருக்கிறதே, ரயில் போன பிறகு எடுத்தீர்களா?" என்று வெளியூர் ரசிகர் ஒருவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். ஏறும் ரயிலின் முன்னால் வருவது பெட்டி. அதில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் படத்தின் முகம். அந்தப் படத்தில் எஞ்சினைத் தேடுவது வீண். புகை மரங்களுக்கு மேலே எங்கே எழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பாம்பனில் வேறு சிக்கல். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து, ஏறக்குறைய ஒரே கோணத்தில், ஆயிரக்கணக்கானோர் எடுத்துவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து ரயில் பொம்மை மாதிரி தட்டையாகத்தான் தெரியும். கடல் கோடு ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும், வேறு நிமிர்கோடு அங்கே கிடையாது. ஆனால் 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் தூக்குப் பாலத்தோடு புதியது வந்துவிட்டது. அதனால் பத்து வருடத்துக்கு முன்பு "இன்னொரு பாம்பன் படம்" என்று தள்ளிவிட்ட சுமாரான படங்களெல்லாம் இப்போது ஆவணம். அரிய படம் வேறு, நல்ல படம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆஃப்லிங்க்காக, அதாவது அந்த ரயிலுக்கு வழக்கமாக வராத, எங்கோ வடக்கில் உள்ள ஷெட்டின் (எஞ்சின் பராமரிப்புக் கூடத்தின்) எஞ்சின் ஒன்று கிடைத்தால் கலங்கிய படத்துக்கும் கைதட்டல் குவிகிறது. கைதட்டலாம், தப்பில்லை, எதற்காகத் தட்டுகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

எங்கே நின்று எடுத்தது என்பதும் விமர்சனத்துக்குள் வரும். கேமரா இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, ஜல்லி மட்டத்தில் இருந்தால் அந்தப் படத்தைப் புகழக்கூடாது என்பது என் கருத்து. ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவில் அத்துமீறலுக்கு 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், இரட்டைப் பாதையில் ஒரு ரயிலின் சத்தம் இன்னொன்றின் சத்தத்தை மறைத்துவிடும். பிளாட்பாரத்தின் சரிவு தொடங்கும் இடம், சாலை மேம்பாலம், மூடிய லெவல் கிராசிங் கேட்டின் வெளிப்பக்கம் ஆகியவற்றிலிருந்து எடுக்க முடியாத கோணம் என்றால் அந்தக் கோணமே வேண்டாம். மேம்பாலத்திலிருந்து செல்ஃபி ஸ்டிக்கை மின்கம்பிப் பக்கம் நீட்டுவது இன்னும் மோசம். 25 கிலோவோல்ட் தொட்டால்தான் தாக்கும் என்றில்லை, நெருங்கினாலே போதும்.

இரவில் ஃப்ளாஷ் அடிப்பதும் இப்போது செல்லாது; லோகோ பைலட்டின் கண்ணைக் கூசவைக்கும். ஆனால் ரயில் படக்கலையின் மிகப் புகழ்பெற்ற படங்களில் சில ஃப்ளாஷில் எடுத்தவைதான். ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில், நீராவி எஞ்சின்களின் கடைசி ஆண்டுகளை இரவில் பல்ப் வரிசைகளை வைத்து எடுத்தார். 1956-இல் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்த அவருடைய திறந்தவெளித் திரையரங்குப் படத்தில் திரையில் ஒரு விமானம் தெரியும். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துவிட்டதால், அந்த விமானக் காட்சியை வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்த்து அச்சிட்டார். எடிட் செய்யலாமா கூடாதா என்று இன்று சண்டை போடுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். அவர் சேர்த்தது திரையில். எஞ்சினின் எண்ணில் கைவைக்கவில்லை.

அந்தக் கோடு இப்போது அழிந்துகொண்டிருக்கிறது. மங்கலான படத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், எஞ்சின் முகத்தில் உள்ள ஐந்து இலக்க எண்ணைப் படிக்க முடியாவிட்டால் தாங்களே ஒன்றை வரைந்துவிடும். 3 ஒன்று 8 ஆகிறது, ஷெட் பெயர் எந்த மொழியுமில்லாத கிறுக்கலாகிறது. பதிவுக்காக எடுத்த படத்தில் எண்தான் உயிர். ஆகவே ஒப்பிடும்போது எண்ணை முழு அளவில் பெரிதாக்கி, அதே எண் பக்கவாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. படக்குறிப்பில் ரயில் எண், எஞ்சின் எண், ஷெட், தேதி, மணி, எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, எந்தத் திசையில் என்ற ஏழும் இருந்தால் மேலே சொன்ன கணக்குகளை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

"சூப்பர் கேட்ச்" என்பதற்குப் பதிலாக எழுதக்கூடியது இப்படி இருக்கும்: "5:10-க்கு வடபுறம் நின்றது சரி, பக்கவாட்டு முழுக்க வெயில். பாண்டோவின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, 85 மி.மீ.க்குப் பதில் 70 மி.மீ.இல் எடுத்திருந்தால் அடங்கியிருக்கும். இரண்டாவது மாஸ்ட் சரியாக லோகோ பைலட்டின் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. அடுத்த ஃபிரேம் இருந்தால் அதைப் போடுங்கள்."